நாலு பேர்... நாலு ஜாக்கெட்... ஒரு பரிசல்!

ஆடி மாதம் வந்தால் நம் பத்திரிகைகளில் தவறாமல் தலைகாட்டும் செய்தி ஒன்று உண்டு. 'கர்நாடக அணைகளிலிருந்து தண்ணீர் திறப்பு. ஒகேனக்கல்லில் நீர்வரத்து அதிகரிப்பு. அருவியில் குளிக்கவும், பரிசல் இயக்கவும் தடை.' போன வருஷச் செய்தியை எடுத்து, கன அடிக் கணக்கை மட்டும் மாற்றி அச்சுக்கு அனுப்பிவிடலாம். ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது. படிக்கிற நாமும் 'அப்பாடா, மேட்டூருக்குத் தண்ணி வருது' என்று சந்தோஷப்பட்டுவிட்டு, அடுத்த பக்கத்துக்கு, அதாவது ராசிபலனுக்குப் போய்விடுவோம்.

அந்தச் செய்தியின் கடைசி மூன்று வார்த்தைகள் இருக்கிறதே... 'பரிசல் இயக்கத் தடை'... அதற்குப் பின்னால் எத்தனை சங்கதி இருக்கிறது என்று ஒகேனக்கல் போய் இரண்டு நாள் தங்கினால்தான் தெரியும். நான் போனேன். குடும்ப சமேதராக.

தர்மபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக மேற்கே போனால் நாற்பத்தாறு கிலோமீட்டர். பென்னாகரம் தாண்டியதும் சாலை காட்டுக்குள் வளைந்து வளைந்து இறங்குகிறது. பஸ் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்வது உத்தமம். இறங்கியதும் முதலில் வரவேற்பது அருவி அல்ல. மீன் வறுவல் வாசனை. அடுத்து வரவேற்பவர், தோளில் துண்டும் கையில் எண்ணெய் பாட்டிலுமாக ஒருவர். 'மசாஜ் சார்... மசாஜ்...' என்று நம் உடம்பை ஏற இறங்கப் பார்க்கிற பார்வையிலேயே இரண்டு எலும்பு சுளுக்கிக்கொள்கிறது.

'ஹொகே' என்றால் கன்னடத்தில் புகை. 'கல்' என்றால் கல்தான். புகையும் கல், ஒகேனக்கல். காவிரி பாறை இடுக்குகளில் பிய்ந்து பிய்ந்து விழும்போது எழும் திவலை, தூரத்திலிருந்து பார்த்தால் நிஜமாகவே யாரோ ஈர விறகு வைத்து அடுப்பு மூட்டியது மாதிரி இருக்கிறது. எதிர்க்கரை கர்நாடகம். குடகிலும் வயநாட்டிலும் மழை பெய்து, கே.ஆர்.எஸ்.ஸும் கபினியும் நிறைந்து, மிஞ்சினது பிலிகுண்டுலு அளவை நிலையத்தைத் தாண்டி இங்கே வருகிறது. இங்கிருந்து மேட்டூர். தஞ்சாவூர் மிராசுதார் முதல் ஒகேனக்கல் பரிசல்காரர் வரை எல்லோர் கண்ணும் அந்த பிலிகுண்டுலு கணக்கின் மேல்தான். என்ன, தஞ்சாவூர்க்காரருக்குத் தண்ணீர் கூடினால் வேலை. பரிசல்காரருக்குக் கூடினால் வேலை போச்சு.

எங்கள் கோஷ்டியை அறிமுகம் செய்துவிடுகிறேன். நான், என் மனைவி, பத்து வயதுப் பையன், மாமியார், மனைவியின் அண்ணன். ஆக மொத்தம் ஐந்து. இந்த ஐந்து என்கிற நம்பரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வம்பு பண்ணப்போகிறது.

என் மச்சினர் பொதுப்பணித் துறையில் இன்ஜினீயராக இருந்து ரிடையர் ஆனவர். ரிடையர் ஆனது துறைக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. ஹோட்டலில் உட்கார்ந்தால் மேஜை ஆடுகிறதா என்று பார்ப்பார். கோயிலுக்குப் போனால் சாமியைவிட உத்தரத்தை அதிக நேரம் பார்ப்பார். அவருடன் பரிசல் சவாரி என்றால் கேட்க வேண்டுமா? முந்தின நாள் ராத்திரியே லாட்ஜ் ரூமில் ஆரம்பித்துவிட்டார்.

"மாப்பிள்ளை, அந்த பக்கெட்ல தண்ணி பிடிங்க."

பிடித்தேன். அகலமான சாப்பாட்டுத் தட்டு ஒன்றை வாங்கி வரச் சொன்னார். எவர்சில்வர் தட்டு பக்கெட்டுக்குள் நுழையவில்லை. லாட்ஜ்காரரிடம் கெஞ்சி ஒரு பிளாஸ்டிக் தொட்டி வாங்கிவந்தோம். தட்டைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, நடுவில் ஒன்றன் மேல் ஒன்றாக ஐந்து ரூபாய்க் காசுகளை வைத்தார். எட்டு வைத்தும் தட்டு அசையவில்லை. ஜம்மென்று மிதந்தது.

"பார்த்தீங்களா? கனத்தாலே முழுகலை. இப்ப பாருங்க..." என்று நடுவிலிருந்த காசுகளை ஒவ்வொன்றாக ஒரே ஓரத்துக்கு நகர்த்தினார். தட்டு சாய்ந்தது. சாய்ந்த பக்கத்து விளிம்பு தண்ணீரைத் தொட்டதுதான் தாமதம்... குபுக்! தட்டு காணோம். காசு காணோம். பையன் கைதட்டினான். மாமியார் மட்டும், "அஞ்சு ரூபாக் காசை எடுத்துடுங்க மாப்பிள்ளை" என்றார்.

"அதே காசுதான், அதே கனம்தான். நடுவுல இருந்தா மிதக்குது, ஓரத்துக்குப் போனா முழுகுது. தண்ணி மட்டத்துக்கும் விளிம்புக்கும் நடுவுல விடற உயரத்துக்கு ஃப்ரீபோர்டுன்னு பேரு. வாய்க்கால் வெட்டறப்பவும் விடுவோம், அணை கட்டறப்பவும் விடுவோம். பரிசலுக்கும் அதுதான் உசிரு" என்றார்.

பேப்பர் எடுத்துக் கணக்கும் போட்டார். பரிசலின் குறுக்களவு ஏறக்குறைய இரண்டேகால் மீட்டர். பரப்பு கிட்டத்தட்ட நாலு சதுர மீட்டர். நாற்பது கிலோ ஏறினால் ஒரு சென்டிமீட்டர் தாழும். அடிப்பாகம் கொஞ்சம் குறுகல் என்பதால் இன்னும் சற்றுக் கூட. ஐந்து ஆள் ஏறினாலும் ஒரு சாண்கூட முழுகாது.

"அப்ப பத்து பேர்கூடப் போகலாமே மாமா?" என்றான் பையன்.

"போகலாம், பத்துப் பேரும் பொம்மையா இருந்தா. மனுஷன் சும்மா இருப்பானா? 'அதோ பார் அருவி'ன்னு ஒருத்தன் எந்திரிப்பான். 'எங்கே எங்கே'ன்னு மத்தவன் எல்லாம் அந்தப் பக்கம் சாய்வான். அப்புறம் காசு காணோம்."

இப்படிச் சிரித்துக்கொண்டே சொன்னாலும், அந்தக் கணக்கு எங்கே எங்கே நடந்திருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்குகளைப் பார்த்ததும் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டதாகத்தான் அப்போது செய்தி வந்தது. அவ்வளவு பெரிய படகுக்கே அந்தக் கதி. பரிசல் எம்மாத்திரம்?

மறுநாள் காலை பரிசல் துறை. கரையில் பரிசல்களைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஏதோ ராட்சசக் கல்யாணத்துக்கு வந்த சமையல்காரர் வாணலிகளைக் கழுவிக் கவிழ்த்தது மாதிரி. அங்கேதான் ஜாக்கெட் படலம் ஆரம்பமாயிற்று.

"எல்லாரும் ஜாக்கெட் போட்டுக்குங்க... ஜாக்கெட் போடாம யாரும் ஏறக் கூடாது" என்றார் துறையில் நின்றவர்.

மாமியாருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன பேச்சு பேசறான் அந்த ஆள்? போட்டுக்காமலா வந்திருக்கேன்?"

லைஃப் ஜாக்கெட் என்று விளக்கிச் சொல்லி, ஆரஞ்சு நிறத்தில் ஒன்றை மாட்டுவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. "எத்தனை பேர் போட்டதோ... தோய்ச்சாங்களா?" என்றார். "போன தடவை காவிரி வெள்ளத்திலே தோய்ச்சிருப்பாங்க அத்தை" என்றேன். என் மனைவிக்கு வேறு கவலை. பட்டுப்புடவைக்கு ஆரஞ்சு மேட்ச் ஆகவில்லையாம்.

பக்கத்தில் பார்த்தால், ஒரு இளைஞர் கோஷ்டி ஜாக்கெட்டுகளை அடியில் போட்டு, அதன் மேல் சுகமாக உட்கார்ந்திருந்தது. மெத்தையாம்! மச்சினர் பொறுப்பாரா? "தம்பி... அதுக்குள்ள இருக்கிறது காத்துக் குமிழ் அடைச்ச நுரை. உட்கார்ந்து நசுக்கினா குமிழ் செத்துப்போயிடும். அப்புறம் அது ஜாக்கெட் இல்லே, வெறும் துணி. உங்களுக்கு இல்லேன்னாலும், நாளைக்குப் போட்டுக்கப்போற குழந்தைக்காக எந்திரிங்க." எழுந்துவிட்டார்கள். ரிடையர் ஆன குரலில் இன்னும் உத்தியோகம் மிச்சமிருக்கிறது.

உள்ளபடியே ஜாக்கெட் சமாச்சாரம் ரொம்ப சுவாரஸ்யமானது. மனுஷ உடம்பு தண்ணீரில் கிட்டத்தட்ட மிதக்கும் பண்டம்தான். மூக்கு தண்ணீருக்கு மேலே நிற்க மட்டும்தான் உதவி வேண்டும். அதற்கு ஒரு பெரிய ஆளுக்கு நாலைந்து கிலோ தூக்கும் சக்தி போதும். சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு, அதாவது ஐ.எஸ்.ஓ., 12402 என்கிற எண்ணில் இதற்கென்றே தரம் வகுத்திருக்கிறது. 50, 100, 150, 275 நியூட்டன் என்று நாலு படி. பத்து நியூட்டன் என்றால் சுமார் ஒரு கிலோ தூக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த 50 இருக்கிறதே, அது நீச்சல் தெரிந்தவருக்கு, உதவிக்கு ஆள் பக்கத்தில் இருக்கும்போது. கயாக் ஓட்டுகிறவர்கள் போடுவது பெரும்பாலும் இதுதான். கை வீச இடைஞ்சல் இல்லை. ஆனால் மயங்கி முகம் குப்புற விழுந்தவரை இது புரட்டிப் போடாது. மல்லாக்கப் புரட்டி முகத்தை வானம் பார்க்க வைப்பதற்காக வடிவமைக்கப்பட்டவை 100க்கு மேல். நீச்சல் தெரியாத நம் மாமியார்களுக்கு 50 போதாது.

சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலப வழி உண்டு. பெல்ட்டுகளை இறுக்கியபின் இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்குங்கள். ஜாக்கெட் காதைத் தாண்டி வந்தால், தண்ணீரில் ஜாக்கெட் மிதக்கும். ஆள் கீழே போவார். குழந்தைக்குப் பெரியவர் ஜாக்கெட் போட்டு 'வளர்ற பையன்தானே' என்று சமாதானம் சொல்லும் வேலை, தீபாவளிச் சட்டையோடு நிற்கட்டும். சின்னப் பிள்ளைகளுக்குக் கால்களுக்கிடையே வந்து மாட்டும் பட்டை அவசியம்.

இனி அந்த ஐந்து விவகாரம்.

எங்கள் பரிசல்காரர் அறுபதைத் தாண்டியவர். காய்ந்த மூங்கில் மாதிரி உடம்பு. ஐந்து பேரையும் ஒரு முறை பார்த்தார். "நாலு பேருங்க. ஒருத்தர் இருந்துக்குங்க, இல்லாட்டி ரெண்டு பரிசல் எடுத்துக்குங்க."

நான் வாயைத் திறக்குமுன், பின்னாலிருந்து ஒரு கூலிங்கிளாஸ் கத்தியது. "என்னய்யா நாலு பேர்? நாங்க ஏழு பேர் இருக்கோம். ஒரே குடும்பம். பிரிச்சுப் போகணுமா? எவ்வளவு வேணும்னு சொல்லு, மேலே ஐந்நூறு போட்டுத் தர்றேன்."

பெரியவர் துடுப்பைக் கீழே வைத்தார்.

"காசு வேண்டாங்க."

"சும்மா பிகு பண்ணாதே. நாலஞ்சு வருஷம் முன்னாடியா, அதுக்கு முன்னாடியா... எட்டுப் பேர் ஒண்ணா போயிருக்கோம் இதே ஆத்துல."

"போனீங்க சார். நானே கூட்டிட்டுப் போயிருக்கேன் எட்டுப் பேரை. இப்ப முடியாதுங்க. 2015ல இதே ஆத்துல ஒரு குடும்பம் வந்தாங்க. ஒரே குடும்பம்தான். ஆறு பேரு போயிட்டாங்க. ஆறு உசுரு சார்... நீங்க காசு குடுத்துட்டுப் போயிடுவீங்க. நான் நாளைக்கும் இதே தண்ணியில துடுப்புப் போடணும்."

துறையில் சத்தம் அடங்கிவிட்டது. கூலிங்கிளாஸ் கண்ணாடியைக் கழற்றினார். உள்ளே சாதாரணமான இரண்டு கண்கள்தான் இருந்தன. அவருடைய ஏழு பேரில் இரண்டு கைக்குழந்தைகள்... இல்லை, ஒன்று கைக்குழந்தை, ஒன்று நாலு வயசு. அவர் மனைவி அந்த நாலு வயசை இழுத்து அணைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

நெருக்கடி நேரத்தில் கணக்கு வாத்தியார் மாதிரி முன்னால் வந்தார் மச்சினர். "நாங்க அஞ்சு. நீங்க ஏழு. மொத்தம் பன்னிரண்டு. நாலு நாலா மூணு பரிசல். செலவு சமபாகம். பெரியவங்களும் பிள்ளைங்களும் கலந்து உட்காரலாம். என்ன சொல்றீங்க?"

இப்படியாக, ஜாதகம் பார்க்காமல், பொருத்தம் பார்க்காமல், ஒரு ஈரோட்டுக் குடும்பமும் ஒரு சென்னைக் குடும்பமும் காவிரிக் கரையில் சம்பந்தி ஆயின. மச்சினரும் என் மாமியாரும் அவர்களோடு. அவர்கள் வீட்டுக் கல்லூரிப் பையன் ஒருவன் எங்களோடு. பரிசலின் நாலு பக்கத்திலும் நாலு பேர், நடுவில் முட்டி போட்டுப் பெரியவர்.

ஏன் நாலு? பெரியவர் சொன்ன விளக்கம் மச்சினரின் தட்டு விளக்கத்தைத் தோற்கடித்துவிட்டது. "நாலு திக்குக்கு நாலு பேர் குந்தினா யாரும் நகர வேண்டியதில்லீங்க. அஞ்சாவது ஆள் வந்தா அவரு எங்க குந்துவாரு? யாராச்சும் ஒருத்தர் நகரணும். நகர்ந்தா சாயும். இன்னொண்ணு... கவுந்துச்சுன்னா நாலு பேரைக் கண்ணு எண்ணிடும். எட்டுப் பேரை எண்ண முடியாதுங்க."

பரிசலுக்கு முன் பக்கம், பின் பக்கம் கிடையாது. அதனால்தான் அது எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகும். நாம் சொல்கிற பக்கத்தைத் தவிர. நேராகப் போக வைப்பதுதான் வித்தை. பெரியவர் துடுப்பை முன்னால் குத்தி, தண்ணீரைத் தன் பக்கம் இழுத்தார். மாவு பிசைகிற மாதிரி இடமும் வலமும் ஒரு சுழற்று. சுற்றத் துடிக்கிற பரிசல், அவர் முன்னால் சொன்னபடி கேட்கும் பிள்ளையாகப் போயிற்று. இரண்டு பக்கமும் செங்குத்தாகப் பாறைச் சுவர். மேலே ஒரு கீற்று வானம். சுவரிலிருந்து சின்னச் சின்ன அருவிகள் தலையில் தண்ணீர் தெளிக்கின்றன. நடு ஆற்றில் இன்னொரு பரிசலில் ஒருவர் முறுக்கும் கூல்டிரிங்க்ஸும் விற்றுக்கொண்டு வந்தார். பூமியில் நமக்கு முறுக்கு கிடைக்காத இடமே கிடையாது.

"இன்னும் கிட்டப் போங்க தாத்தா... அந்தப் பெரிய அருவிக்கு" என்றான் பையன்.

"கூடாது சாமி. அங்க பாரு, தண்ணி வெள்ளையா இருக்குதா? இங்க கறுப்பா இருக்குதா? கறுத்த தண்ணி ஆளைத் தாங்கும். வெள்ளைத் தண்ணி தாங்காது. ஜாக்கெட்டு போட்டிருந்தாலும் இழுத்துக்கும்."

கல்லூரிப் பையன் நம்பாமல் சிரித்தான். ஆனால் பெரியவர் சொன்னது அப்பட்டமான விஞ்ஞானம். அருவி விழுகிற இடத்தில் தண்ணீரோடு காற்றும் கலந்து நுரைத்துக் கிடக்கிறது. பாதி காற்று என்றால் தண்ணீரின் கனம் பாதி. தூக்கும் சக்தியும் பாதி. ஜாக்கெட்டின் லேபிளில் எழுதியிருக்கும் நியூட்டன் எல்லாம் நல்ல தண்ணீருக்குத்தான். இதை பிஸிக்ஸ் புத்தகம் நாலு பக்கத்தில் சொல்லும். அவர் இரண்டே வர்ணத்தில் சொல்லிவிட்டார்.

ஆழமான, அசைவில்லாத ஓர் இடம் வந்ததும், "கெட்டியா உக்காருங்க" என்று துடுப்பை ஒரு போடு போட்டார். பரிசல் பம்பரமாயிற்று. பாறை, வானம், மனைவி, பாறை, வானம், மனைவி... நின்றபோது எனக்கு மனைவி இரண்டாகத் தெரிந்தார். அந்த பயத்தைப் பற்றித் தனிக் கட்டுரைதான் எழுத வேண்டும்.

மணல்திட்டில் இறங்கினோம். பரிசலை ஒரே தூக்கில் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு பெரியவர் நடந்தார். பின்னாலிருந்து பார்த்தால் ஒரு பெரிய கறுப்பு ஆமை இரண்டு காலில் போகிறது. நிழலில் உட்கார்ந்து, பரிசலைத் தட்டிக்காட்டி, அது எப்படிப் பிறக்கிறது என்று சொன்னார்.

மூங்கிலைக் கிழித்துப் பத்தை பத்தையாகச் சீவி, நடுவிலிருந்து ஆரம்பித்துக் கூடை மாதிரி பின்னிக்கொண்டே வர வேண்டும். விளிம்புக்குக் கனமாக வளைத்துக் கட்ட வேண்டும். ஆள் ஏறும்போதும் பாறையில் இடிக்கும்போதும் அடி வாங்குவது அதுதான். அந்தக் காலத்தில் மேலே மாட்டுத்தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் சாக்கு, அதன்மேல் தார். "தோலு நல்லாத்தாங்க இருக்கும். ஆனா காய வைக்கணும், பக்குவம் பண்ணணும், இல்லாட்டி அழுகிடும். இது ஓட்டை விழுந்தா துணி வெச்சு தார் பூசிட்டா முடிஞ்சுது."

தினமும் காலையில் பரிசலைக் கவிழ்த்து, சூரியனுக்கு நேரே பிடித்து உள்ளே தலையை விட்டுப் பார்ப்பாராம். எங்காவது ஊசி முனை வெளிச்சம் தெரிந்தால் அன்றைக்கு அந்தப் பரிசல் ஆற்றைத் தொடாது. இதற்கு எந்த ஐ.எஸ்.ஓ. நம்பரும் கிடையாது. ஆனால் இதுவும் ஒரு தர நிர்ணயம்தானே?

இந்த வட்டப் படகுக்கு வயசு சாமான்யமில்லை. விஜயநகரத்துக்கு 1520 வாக்கில் வந்த போர்ச்சுகீசியர் டொமிங்கோ பயஸ், துங்கபத்திரையில் தோல் போர்த்திய கூடைப் படகுகளைப் பார்த்து அதிசயித்து எழுதியிருக்கிறார். பதினைந்து இருபது பேர் ஏறுவார்களாம், தேவைப்பட்டால் குதிரையும் மாடும்கூட! அதற்கும் இரண்டாயிரம் வருஷம் முன்னால், கிரேக்க ஆசிரியர் ஹெரோடோட்டஸ் பாபிலோனில் இதே மாதிரி பார்த்திருக்கிறார். ஆற்றை எதிர்த்துத் திரும்ப முடியாது என்பதால், படகிலேயே ஒரு கழுதையையும் ஏற்றி வருவார்களாம். ஊர் வந்ததும் சட்டத்தை விற்றுவிட்டு, தோலை மட்டும் கழுதைமேல் போட்டுக்கொண்டு நடை! ஒகேனக்கல்லில் கழுதைக்கு வேலையில்லை. எல்லாம் பரிசல்காரர் தலையிலேயே விடிகிறது.

வடதுருவத்துப் பக்கம் போனால் கிரீன்லாந்துக்காரர்கள் இதே சட்டம் - தோல் யுக்தியில்தான் கயாக் செய்தார்கள். கரை ஒதுங்கின கட்டையில் சட்டம், சீல் தோலில் போர்வை. வேட்டைக்காரரின் உடம்பை அளந்து, அவருக்கென்றே செய்தது, ரெடிமேட் கிடையாது. தோலைத் தைப்பது வீட்டுப் பெண்மணிகள். ஒரு தையல் விட்டுப்போனால் பனிக்கடலில் ஆள் காலி. ஆகவே வீட்டில் சண்டை போட்டுவிட்டுக் கடலுக்குப் போகிற வழக்கம் அங்கே இருந்திருக்க முடியாது என்பது என் துணிபு.

அந்த கயாக் இப்போது பிளாஸ்டிக் அவதாரம் எடுத்து முட்டுக்காடு, கோவளம், பிச்சாவரம் என்று நம் பக்கமே வந்துவிட்டது. பிளாஸ்டிக்கை யாரும் நம் உடம்பை அளந்து செய்வதில்லை. அதனால்தான் கட்டுமானத்தில் சில விதிகள். தண்ணீர் புகுந்தாலும் அது முழுகாமல் கிடைமட்டமாக மிதக்க, இரண்டு முனையிலும் நுரையோ காற்றடைத்த அறையோ வேண்டும். விழுந்தவர் பற்றிக்கொள்ள இரு முனையிலும் கைப்பிடி வேண்டும். கால் வைக்கும் இடத்தில் பாதம் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது. மேலே உட்கார்ந்து ஓட்டும் ரகத்தில் அடியில் தண்ணீர் வடிய ஒரு அடைப்பான் இருக்கும். அதைத் திருகாமல் விட்டால் வயிற்றுக்குள் தண்ணீர் சத்தமில்லாமல் சேரும்.

இதையெல்லாம் பெரிய தேசங்கள் ஞானத்தில் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். 1993 மார்ச் 22. இங்கிலாந்தின் தென்கரையில் லைம் வளைகுடா. பிளிமத் நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள் எட்டுப் பேர், ஒரு ஆசிரியர், இரண்டு பயிற்சியாளர்கள் கயாக்கில் கிளம்பினார்கள். போக வேண்டியது கரையோரமாகக் கூப்பிடு தூரத்து ஊர். கரையிலிருந்து கடலைப் பார்த்து அடித்த காற்று அவர்களை உள்ளே தள்ளிக்கொண்டு போயிற்று. அலை உள்ளே விழாமல் இடுப்பைச் சுற்றிக் கட்டும் உறை இல்லை. அபாயம் என்று காட்டத் தீக்குழல் இல்லை. நாலு பிள்ளைகள் குளிரிலும் தண்ணீரிலும் இறந்துபோனார்கள். அந்த நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்த இரண்டு பயிற்சியாளர்கள், 'இப்படியே போனால் உயிர் போகும்' என்ற பொருளில் முன்கூட்டியே கடிதம் எழுதி எச்சரித்திருந்தார்கள் என்பது விசாரணையில் வந்தது. 1994ல் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநருக்குச் சிறை. 1995ல் இதற்கென்றே பார்லிமென்டில் தனிச் சட்டம். லைசென்ஸ், சோதனை எல்லாம் அப்புறம்தான்.

நம் கதை என்ன? படகுப் பாதுகாப்புக்குத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2017ல் வழிகாட்டி நெறிகளே வெளியிட்டது. 1917ஆம் வருஷத்து வெள்ளைக்காரன் சட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, 2021ல் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்தது. இன்ஜின் இல்லாத படகுகளுக்கும் அதில் ஒரு அத்தியாயம் உண்டு. ஆனாலும் 2023 மே 7 அன்று கேரளத்துத் தானூரில் 22 பேர். மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றி, கூட்டத்தையும் கூடுதலாக ஏற்றிய கதை அது. 2024 ஜனவரி 18 அன்று வதோதராவில் ஹர்ணி ஏரி. பள்ளிச் சுற்றுலா. 12 பிள்ளைகள், 2 ஆசிரியைகள். பலருக்கு ஜாக்கெட் இல்லை. சட்டம் புத்தகத்தில் மிதக்கிறது. படகில் ஏறினவர்தான் மூழ்குகிறார்.

திரும்பி வரும்போது பெரியவரிடம் கேட்டேன். "நாலு பேர்னா உங்களுக்குக் கட்டுப்படியாகுதா?"

"கட்டாதுங்க. வெள்ளம் வந்தா ஓட்டக் கூடாது. தண்ணி வத்தினாலும் ஓட்ட முடியாது, பாறை தட்டும். நடுவுல கெடைக்கற நாளுதான். அதுலயும் ஒருத்தர் வந்து 'ஏழு பேரு ஏத்து, காசு தர்றேன்'ங்கறப்ப..." என்று நிறுத்திவிட்டு, துடுப்பை இரண்டு முறை போட்டார். "வீட்ல அரிசி வாங்கணுங்களே. அந்த நேரத்துல கையும் நெனப்பும் ஒண்ணா நிக்கறது செரமங்க. இன்னிக்கு நின்னுச்சு."

அதுதான் விஷயம் என்று எனக்குப் பட்டது. நாம் பேரம் பேசுவது பணத்தைப் பற்றி என்று நினைக்கிறோம். ஐந்தாவது ஆளை ஏற்றச் சொல்லிக் கெஞ்சும்போது, அரிசி வாங்க வேண்டிய ஒரு மனிதரிடம், அவர் கட்டிக் காப்பாற்றும் ஒரே தரக் கட்டுப்பாட்டை விலை பேசுகிறோம். தடை போட்ட நாட்களில் அவருக்கு யாராவது அரைக்கூலியாவது தந்தால், அந்தக் கை இன்னும் கொஞ்சம் உறுதியாக நிற்கும். கலெக்டர் ஆபீஸ் சோதனைக்கு வராத நாளிலும் நிற்கும்.

கரையில் ஈரோட்டு சம்பந்தி எல்லோருக்கும் மீன் வறுவல் வாங்கித் தந்தார். மறுத்த ஐந்நூறு ரூபாய் அதில் சரியாகிவிட்டது. என் மாமியார் மட்டும் ஆரஞ்சு ஜாக்கெட்டைக் கழற்ற மறந்து மீன் முள் எடுத்துக்கொண்டிருந்தார். யாரும் சொல்லவில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்: கிளம்புமுன் அன்றைய நீர்வரத்து எவ்வளவு, பரிசல் ஓடுகிறதா என்று விசாரியுங்கள். தடை என்றால் தடைதான். 'எனக்கு ஒருத்தரைத் தெரியும்' என்று போன் போடாதீர்கள். லைசென்ஸ் பெற்ற துறையில் மட்டும் ஏறுங்கள். ஜாக்கெட்டை விரலால் அமுக்கிப் பாருங்கள். கல் மாதிரி இறுகியிருந்தாலோ, அமுங்கியது அமுங்கியபடி கிடந்தாலோ வேறு கேளுங்கள். பெல்ட் கொக்கி எல்லாம் மாட்டுகிறதா பாருங்கள். பரிசலில் எழுந்து நிற்காதீர்கள், செல்ஃபிக்காக ஒரே பக்கம் சாயாதீர்கள். மசாஜ் செய்துகொள்வதானால் சவாரிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் வழுக்கும் கையால் பரிசல் விளிம்பைப் பிடிக்க முடியாது என்பது மச்சினரின் கடைசி டெக்னிக்கல் அட்வைஸ்.